ஒரே மலை, நான்கு பேர், நான்கு உயரங்கள்: குல்மார்க் நாட்குறிப்பு

சனிக்கிழமை, இரவு

ஸ்ரீநகர் விமான நிலையத்திலிருந்து தங்மார்க் வரை சாதாரண வாடகைக் காரில் வந்தோம். அங்கே வண்டி மாற வேண்டும். தங்மார்க்கிலிருந்து குல்மார்க்குக்கு 13 கிலோமீட்டர்தான், ஆனால் குளிர்காலத்தில் சக்கரங்களில் சங்கிலி கட்டிய வண்டிகளே மேலே ஏற முடியும். ஓட்டுநர் பனியில் மண்டியிட்டு, உறைந்த விரல்களால் சங்கிலியின் கொக்கிகளை ஒவ்வொன்றாக மாட்டிய பிறகுதான் வண்டி கிளம்பியது. இருபுறமும் தேவதாரு மரங்கள். கிளைகள் பனியின் பாரத்தில் தரையை நோக்கி வளைந்திருந்தன. வளைவு திரும்பும்போதெல்லாம் சங்கிலி பனியைக் கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

நாங்கள் நான்கு பேர். என் மாமியார் பனியை இதுவரை படத்தில் மட்டுமே பார்த்தவர். பதினொரு வயது மகள் எதையும் உடனே செய்து பார்த்துவிட வேண்டும் என்று துடிப்பவள். தம்பி சில ஆண்டுகளாக வெளிநாட்டில் வேலை பார்க்கிறான், அங்கே குளிர்காலம் முழுக்கப் பனிச்சறுக்குதான். நான் இரண்டுக்கும் நடுவில். உத்தராகண்டின் ஆலியில் ஒரு பயிற்சி வகுப்பில் கற்றுக்கொண்டவள். நிற்கவும் திரும்பவும் தெரியும், வேகம் கூடினால் அச்சம் வரும். இப்படி நான்கு விதமான ஆட்களை ஒரே இடத்துக்கு அழைத்துச் சென்றால் யாராவது ஒருவர் அறையில் அடைந்து கிடக்க நேரும் என்று வீட்டில் பலரும் சொன்னார்கள். அது சரியா என்று பார்ப்பதற்காகவே இந்தக் குறிப்புகளை அன்றாடம் எழுதுகிறேன்.

காஷ்மீரின் கடுங்குளிர் நாற்பது நாட்கள், டிசம்பர் 21 முதல் ஜனவரி இறுதி வரை. அதை சில்லை கலான் என்கிறார்கள். அடுத்த இருபது நாட்கள் சில்லை குர்த், அதற்கடுத்த பத்து நாட்கள் சில்லை பச்சா. நாங்கள் வந்திருப்பது நடுப்பகுதியில். விடுதி அறையில் புகாரி என்ற இரும்புக் கணப்பு எரிகிறது. வரவேற்பறையில் இருந்த பெரியவர் தம் ஃபெரன் என்ற நீண்ட அங்கிக்குள்ளிருந்து காங்ரியை எடுத்து அத்தையின் கையில் கொடுத்தார். பிரம்புக் கூடைக்குள் மண் சட்டி, அதற்குள் சாம்பல் மூடிய கரி நெருப்பு. அத்தை அதை இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்துவிட்டு, "நம் கும்முட்டி அடுப்புக்குக் கூடை கட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்" என்றார். அதன் பிறகு அவருக்கு இந்த ஊர் அந்நியமாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை

குல்மார்க் ஒரு கிண்ணம்போல் கிடக்கும் புல்வெளி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர் உயரம். கோடையில் கோல்ஃப் மைதானமாக இருக்கும் இடமெல்லாம் இப்போது வெள்ளைச் சரிவு. முதன்முறை கற்பவர்களுக்கு இதுதான் களம். மேலே போகவே தேவையில்லை.

வண்டிகள் நிற்கும் இடத்தில் இறங்கியதும் வழிகாட்டிகளும் சறுக்கு வண்டி இழுப்பவர்களும் சூழ்ந்துகொள்கிறார்கள். பலருக்கு ஆண்டு வருமானமே இந்தச் சில மாதங்களில்தான், ஆகவே அவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. பதிவு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள், என்னென்ன சேர்ந்தது என்று முதலிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரு சச்சரவும் வரவில்லை.

பனிச்சறுக்குக் கருவிகளை வாடகைக்கு எடுக்கும் இடத்தில்தான் அவசரப்படாமல் நேரம் செலவழிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சரிவில் நடக்கும் பாதித் துன்பங்கள் அங்கேதான் தொடங்குகின்றன. பூட்ஸ் கெட்டியான பிளாஸ்டிக் ஓடு, முன்பக்கம் உலோகக் கொக்கிகள். உள்ளே ஒரே ஒரு சாக்ஸ் போதும். குளிருகிறது என்று இரண்டு போட்டால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் மேலும் சில்லிடும். நிமிர்ந்து நிற்கும்போது கால்விரல் முன்னால் இலேசாக முட்ட வேண்டும், முழங்காலை மடக்கி முன்னே சாய்ந்தால் விலக வேண்டும். இதுவே சரியான அளவு.

மகளுக்கு ஸ்கீ, அதாவது காலில் மாட்டும் சறுக்குப் பலகை, தேர்ந்தெடுத்தவர் அவளுடைய எடை, உயரம், வயது, சறுக்கிய அனுபவம் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு பூட்ஸின் அடிநீளத்தைப் பார்த்து, அதைப் பிடிக்கும் இடுக்கியின் திருகாணியை ஸ்குரூடிரைவரால் சிறிது சிறிதாகத் திருப்பினார். சிறு சாளரம் போன்ற இடத்தில் ஒரு கோடு எண்களின் மேல் நகர்ந்தது. விழும்போது எவ்வளவு முறுக்கு விசையில் ஸ்கீ காலைவிட்டுக் கழன்றுகொள்ள வேண்டும் என்பதை அந்த எண் தீர்மானிக்கிறது. இறுக்கமாக வைத்தால் ஸ்கீ கழலாமல் முழங்கால் முறுக்கிக்கொள்ளும், தளர்வாக வைத்தால் ஓடும்போதே கழன்றுவிடும். ஒரு குழந்தையின் எலும்பு அந்தத் திருகாணியை நம்பி இருக்கிறது. இதைக் கேட்காமலே கருவியைக் கையில் திணிப்பவரிடம் வாங்காதீர்கள்.

பயிற்சியாளர் முப்பது வயதைத் தாண்டாத உள்ளூர்க்காரர். ஊன்றுகோல்களை மகளிடம் கொடுக்கவே இல்லை. "முதலில் விழக் கற்றுக்கொள்" என்றார். பக்கவாட்டில், இடுப்பு முதலில் படும்படி விழ வேண்டும். எழும்போது இரண்டு ஸ்கீகளும் சரிவுக்குக் குறுக்கே, உடலுக்குக் கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும். இல்லையென்றால் எழுந்த கணமே ஓடத் தொடங்கிவிடும். பிறகு பக்கவாட்டில் படிப்படியாக ஏறுவது. அதற்குப் பிறகுதான் முனைகள் சேர, வால்கள் விரிய, உள்விளிம்பால் பனியைத் தேய்த்து நிற்பது.

மகள் தன் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள், ஒவ்வொரு முறையும் சாய்ந்தாள். அவர் கீழே போய் நின்று கையுறையைத் தலைக்கு மேல் உயர்த்தி, "இதைப் பார், காலை மறந்துவிடு" என்றார். பார்த்தாள், நேராக வந்தாள், நின்றாள். நின்ற இடத்தில் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

அத்தை அதற்குள் ஓரத்தில் நாற்காலி போடச் சொல்லி, கஹ்வா என்ற காஷ்மீர்த் தேநீர்க் கோப்பையோடு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பத்துப் பதினைந்து குடும்பங்களாவது இப்படி இருந்தன. முதல் நாள் சறுக்குபவர்களும் அவர்களைப் பார்க்க வந்தவர்களும் ஒரே சமதளத்தில், ஒருவருக்கொருவர் குரல் கேட்கும் தொலைவில். இது சின்ன விஷயம் இல்லை. பல ஊர்களில் தொடக்கச் சரிவுக்குப் போகவே கேபிள் காரில் ஏற வேண்டியிருக்கும்.

திங்கட்கிழமை

இரவெல்லாம் பனி கொட்டியது, காலையிலும் நிற்கவில்லை. கோண்டோலா என்று இங்கே சொல்லும் கேபிள் காரின் மேல் கட்டம் மூடியாகிவிட்டது. தம்பிக்கு முகம் வாடிவிட்டது, ஆனால் அவனே சொன்னான்: "அக்கா, நாளை மறுநாளுக்கு இதுதான் விருந்து."

இந்தப் பனி வருவது நம் பக்கத்துக் கடலிலிருந்து அல்ல. மத்தியதரைக் கடல் பகுதியில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுகள் குளிர்காலத்தில் கிழக்கு நோக்கி நகர்ந்து, பீர் பஞ்சால் தொடரில் மோதிப் பனியாகக் கொட்டுகின்றன. மேற்கத்திய இடையூறு என்று வானிலை அறிக்கையில் வருவது இதைத்தான். உயரமும் குளிரும் சேர்ந்து பனி ஈரமில்லாமல் பொடியாக விழுகிறது. உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் இங்கே வருவது அந்தப் பொடிக்காகத்தான். அந்தக் காற்று வராத ஆண்டில் என்ன ஆகும் என்பதை 2024 ஜனவரி காட்டியது. குல்மார்க் பழுப்பு நிறத் தரையாகக் கிடந்தது, முன்பதிவு செய்தவர்கள் ரத்து செய்தார்கள், விடுதியிலிருந்து சறுக்கு வண்டி வரை எல்லோருடைய பிழைப்பும் அடிபட்டது. இங்கே பனி பெய்வதைத் தொந்தரவு என்று யாரும் சொல்லிக் கேட்கவில்லை.

மதியம் சற்றுக் குறைந்ததும் அத்தையோடு குன்றின் மேல் இருக்கும் சிவன் கோயிலுக்கு ஏறினோம். 1915-இல் காஷ்மீர் அரச குடும்பத்தார் கட்டியது, ராணி கோயில் என்கிறார்கள். சிவப்புக் கூரை மட்டும் பனிக்கு மேல் தெரிந்தது. கீழே 1902-இல் கட்டிய செயின்ட் மேரி தேவாலயம். பிரிட்டிஷ் அதிகாரிகள் 1927-இல் இந்தியப் பனிச்சறுக்குக் கழகத்தைத் தொடங்கியதும் இதே ஊரில்தான். அப்போது மேலே ஏற எந்த இயந்திரமும் இல்லை. ஸ்கீயைத் தோளில் சுமந்து நடந்து ஏறி, ஒரே ஒரு முறை சறுக்கி இறங்குவார்கள். இந்த மலையை எல்லோருக்கும் திறந்துவிட்டது கோண்டோலா. முதல் கட்டம் 1998-இல், இரண்டாம் கட்டம் 2005-இல்.

இரவு ராஜ்மாவும் தாமரைத்தண்டுக் கறியும். சைவம் கிடைக்குமா என்று கவலைப்பட்ட அத்தை இரண்டாவது முறை சோறு கேட்டார்.

செவ்வாய்க்கிழமை

வானம் துடைத்துவிட்டதுபோல் நீலம்.

முதல் கட்ட கோண்டோலாவில் கொங்டூரிக்குப் போனேன். ஒரு பெட்டியில் ஆறு பேர். மரங்களின் உச்சிகளுக்கு மேலே, ஏறக்குறைய பத்து நிமிடத்தில் சுமார் 3,080 மீட்டர். டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுத்து வையுங்கள், இங்கே வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

கொங்டூரி என்னைப் போன்றவர்களுக்கான உயரம். ஐரோப்பிய மலைகளில் சரிவின் கடினத்துக்கு ஏற்ப ஒவ்வொரு பாதைக்கும் நிறம் குறித்து வைத்திருப்பார்கள். நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். இங்கே அந்த வேலையைப் பெரும்பாலும் உயரமே செய்கிறது. கீழே கிண்ணத்தில் கற்பவர்கள், நடுவில் கொங்டூரியில் திரும்பத் தெரிந்தவர்கள், உச்சியில் அபர்வத்தில் மலையைப் படிக்கத் தெரிந்தவர்கள். எந்த நிறுத்தத்தில் இறங்குகிறீர்கள் என்பதே உங்கள் தகுதியைச் சொல்லிவிடும். ஆகவே இங்கே யாருக்கும் வழி தவறி ஆபத்தான சரிவில் மாட்டிக்கொள்ளும் நிலை எளிதில் வராது, மேலே ஏறுவது என்று தானாக முடிவெடுத்தால் ஒழிய.

காலை முழுவதும் நாற்காலி லிஃப்டில் ஏறுவதும் சறுக்குவதுமாகக் கழிந்தது. எனக்கு வேகத்தில் பின்னால் சாயும் பழக்கம் உண்டு. அச்சம் வந்தால் உடல் மலைப்பக்கம் ஒதுங்கும். ஒதுங்கினால் ஸ்கீயின் முன்பகுதி பாரம் இழந்து சொன்ன பேச்சைக் கேட்காது. பயிற்சியாளர் ஒரே ஒரு திருத்தம்தான் சொன்னார்: கணுக்காலுக்கு மேலுள்ள முன்பக்க எலும்பு பூட்ஸின் நாக்கை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், அழுத்தம் விட்டுப்போனால் நீ பின்னால் போய்விட்டாய் என்று அர்த்தம். அவ்வளவுதான். பள்ளத்தாக்கை நோக்கிச் சாய்வதற்கு உடல் முதலில் ஒப்பவில்லை. ஒப்பிய பிறகு இரண்டு ஸ்கீகளும் இணையாக, தானே வளைந்தன. ஆலியில் எனக்குப் பிடிபடாதது இங்கே ஒரு காலையில் பிடிபட்டது.

மேல் கட்டம் இன்றும் திறக்கவில்லை. வெயில் அடிக்கும்போது ஏன் மூடி வைத்திருக்கிறார்கள் என்று வரிசையில் நின்ற சிலர் சத்தம் போட்டார்கள். பனிப் பாதுகாப்புக் குழுவினர் மேலே வேலை செய்துகொண்டிருந்தார்கள். புதுப்பனி பழைய பனியோடு ஒட்டுவதற்கு நேரம் வேண்டும். காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கத்தில் குவித்தால் அது பலகைபோல் இறுகி, ஒரு மனிதனின் எடையில் மொத்தமாக முறிந்து இறங்கும். 2023 பிப்ரவரி 1 அன்று அபர்வத்தில் அப்படி இறங்கிய பனிச்சரிவில் போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் கிலன்மார்க் பக்கம் ஒரு ரஷ்யர். எல்லோரும் அனுபவசாலிகள் வரும் பகுதிகளில் இருந்தவர்கள். மூடியிருக்கும் கதவின் முன் எரிச்சலோடு நிற்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கதவை மூடி வைப்பவர்களுக்கு நான் கடமைப்பட்டவள்.

புதன்கிழமை

திறந்துவிட்டார்கள்!

தம்பி விடியும் முன்பே எழுந்து தன் பையை இன்னொரு முறை பார்த்தான். பனியில் புதைந்தால் இருக்கும் இடத்தைக் காட்ட உடலோடு கட்டும் சமிக்ஞைக் கருவி, பனிக்குள் குத்தித் தேட மடக்குக் கம்பி, தோண்ட மண்வெட்டி. இந்த மூன்றும் இல்லாதவரை அவனுடைய வழிகாட்டி கூட்டிப்போவதில்லை. நிலையத்துக்கு வெளியே குழுவில் ஒவ்வொருவரும் வழிகாட்டியைக் கடந்து நடந்தார்கள், அவருடைய கருவி ஒவ்வொருவருக்கும் ஒலி எழுப்புகிறதா என்று பார்ப்பதற்காக. புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம், அதற்குப் பிறகு வேகமாகக் குறைந்துவிடும். வெளியிலிருந்து உதவி வரக் காத்திருக்க நேரம் இல்லை. பக்கத்தில் நிற்பவர்தான் காப்பாற்ற வேண்டும். ஆகவே இந்தச் சடங்கை யாரும் அலட்சியமாகச் செய்யவில்லை.

நானும் அவர்களோடு ஏறினேன், ஸ்கீ இல்லாமல். அத்தை கொங்டூரியில் மகளோடு இறங்கிக்கொண்டார். மேல் நிலையம் சுமார் 3,980 மீட்டர். கடல் மட்டத்தில் இருக்கும் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் அங்கே இருக்கும். அறுபத்தெட்டு வயதில் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம் என்று அவரே முடிவெடுத்தார். கதவு திறந்ததும் காற்று முகத்தில் அறைந்தது. பத்து அடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. முகட்டுக்கு அப்பால் சற்றுத் தொலைவில் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு. ராணுவத்தின் உயர்மலைப் போர்ப்பயிற்சிப் பள்ளி குல்மார்க்கில் இருப்பதற்கும் இந்த மலைகள்தான் காரணம். வடக்கே, தொடர்களுக்கெல்லாம் மேலாக, தனியாக ஒரு வெண்மைக் கோட்டை. நங்கா பர்பத், 8,126 மீட்டர். பார்த்துக்கொண்டே நின்றேன். விரல் மரத்துப்போனது பிறகுதான் தெரிந்தது.

"அக்கா, நீயும் வருகிறாயா?" என்று தம்பி கேட்டான். கேட்பதற்காகக் கேட்டான். இது என் சரிவு இல்லை என்று இருவருக்கும் தெரியும். இங்கே அமுக்கிச் சமன் செய்த பாதை கிடையாது, முழங்கால் வரை பொடிப்பனி, நடுவில் பாறைகள், திறந்த சரிவு. நான் பெட்டியில் ஏறிக்கொண்டேன். உச்சி வரை போய்விட்டு கோண்டோலாவிலேயே இறங்குவதில் எந்தக் குறைவும் இல்லை என்பதை இங்கே வரும் ஒவ்வொருவரிடமும் சொல்ல ஆசை.

பெட்டியின் கண்ணாடி வழியே அவனைப் பார்த்தேன். வழிகாட்டி முதலில், தனியாக இறங்கி ஒரு பாறையடியில் நின்று கோலை உயர்த்தினார். பிறகு ஒருவர். அவர் நின்ற பிறகு அடுத்தவர். சரிவின் மேல் ஒரே நேரத்தில் ஒருவருக்கு மேல் இல்லை. தம்பியின் முறை வந்தது. முதல் திருப்பத்தில் பனி அவன் மார்பு வரை எழுந்து மறைத்தது, உடனே வெளிப்பட்டான், மறுபடி மறைந்தான். முழங்கால்கள் மட்டும் ஏறி இறங்கின, தோள்கள் ஆடவே இல்லை. அவன் போன வழியில் நூல் பிடித்ததுபோல் வளைவுகள். சிறு வயதில் சைக்கிள் ஓட்ட என்னிடம் கற்றவன். அவனுக்கு இப்படி ஒரு திறமை இருக்கிறது என்று தெரிந்திருந்தாலும், கண்ணால் பார்ப்பது வேறு. பெட்டியில் இருந்த முன்பின் தெரியாதவர்களிடம் "அது என் தம்பி" என்று சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை

இன்று நான்கு பேரும் ஒரே உயரத்தில். மகள் கிண்ணத்துச் சரிவுகளில் நிற்கவும் இருபுறமும் திரும்பவும் தேறிவிட்டாள் என்று பயிற்சியாளர் சொன்ன பிறகுதான் கொங்டூரியில் சறுக்க அழைத்து வந்தோம். அவள் கேட்டதற்காக அல்ல. அவள் திங்கட்கிழமையே கேட்டுவிட்டாள்.

பயிற்சியாளர் முன்னே, அகன்ற வளைவுகளாக வெட்டிக்கொண்டு. மகள் அவர் தடத்தில். நான் அவள் பின்னால். தம்பி கடைசியில், அவன் வேகத்தில் பாதிகூட இல்லாமல், பின்னால் வருபவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி. வழியில் ஒரு செங்குத்தான இடம். மகள் நின்றுவிட்டாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. பயிற்சியாளர் அவளைச் சரிவுக்குக் குறுக்கே நிற்க வைத்து, விளிம்பைச் சற்றே தளர்த்தி, பக்கவாட்டில் வழுக்கி இறங்கச் சொன்னார். முனை கீழே திரும்பாமல், தேய்ந்து தேய்ந்து இறங்கினாள். செங்குத்து முடிந்தது. அதை அறிந்துவிட்டால் எந்தச் சரிவிலும் மாட்டிக்கொண்டு தவிக்க வேண்டியதில்லை. திருப்பங்களைவிட முதலில் இதைத்தான் எல்லோரும் கற்க வேண்டும் என்பேன்.

அத்தை கொங்டூரியில் தேநீர்க் கடை வாசலில் உட்கார்ந்து, இறங்கி வரும் ஒவ்வொருவரையும் கைதட்டி வரவேற்றார். பாதிப் பேர் யாரென்றே அவருக்குத் தெரியாது.

ஓய்வு நேரத்தில் பயிற்சியாளர் ஆரிஃப் கானைப் பற்றிப் பேசினார். தங்மார்க் பக்கத்துக்காரர், இதே சரிவுகளில் வளர்ந்தவர். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே போட்டியாளர், நட்ட கம்புகளைச் சுற்றி வளைந்து இறங்கும் ஜெயன்ட் சலாம் போட்டியில் 45-ஆம் இடம். அவருக்கு முன்பே 1988 கல்கரி ஒலிம்பிக்குக்கு குல் முஸ்தபா தேவ் என்ற காஷ்மீரி போயிருக்கிறார். இன்று கிண்ணத்தில் முதல் அடி வைக்கும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்கள் தெரியும். ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்றப் பயிற்சி நிறுவனமும் இங்கேயே இருக்கிறது. முறையாகக் கற்க விரும்புபவர்கள் அதன் வகுப்புகளைப் பற்றி விசாரியுங்கள்.

வெள்ளிக்கிழமை, தங்மார்க்

அடுத்த பனி இன்றிரவு என்றார்கள், ஆகவே காலையிலேயே இறங்கிவிட்டோம். கிளம்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். வேறு மாநிலத்து ப்ரீபெய்டு சிம் இங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு ஒன்றாவது கையில் இருக்கட்டும். கூலிங்கிளாஸை மறந்தால் பனியின் ஒளியில் கண் எரிந்து மறுநாள் வீணாகும். மேல் கட்டம் எப்போது திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்காகவே வருபவர்கள் கூடுதலாக ஒன்றிரண்டு நாட்களை ஒதுக்கி வையுங்கள். தொடக்கக்காரர்கள் அதைப் பற்றி நினைக்கவே வேண்டாம், கிண்ணம் போதும். பெரியவர்களை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். அத்தை அறையில் அடைந்து கிடந்தது பனி கொட்டிய அந்த ஒரு காலைப் பொழுது மட்டும்தான், அன்று தம்பியும் அறையில்தான் இருந்தான்.